நல்ல மார்க் எடுத்தால் உதவி கிடையாதா? சிறப்புக் கல்வி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பேச்சையும் வாசிப்பையும் பற்றியவை. பிள்ளைகளின் பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் தருகிறேன்.

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வாசிப்பு வரவே இல்லை. ‘ஹவுஸ்’ என்று இருந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ‘ஹார்ஸ்’ என்கிறான், அடுத்த வரியில் அதே சொல் வந்தால் வேறு எதையோ சொல்கிறான். முதல் வகுப்பிலிருந்தே டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘தனி வாசிப்புக் குழுவில் போட்டிருக்கிறோம், அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்றே காலம் போகிறது. இவனுக்குச் சிறப்புக் கல்வி பெறத் தகுதி உண்டா? யாரைக் கேட்பது?
– ஒரு அம்மா, டெக்சஸ்

வாயால் சொன்னது போதும் அம்மா, இனி எழுதிக் கொடுங்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் கவலையைச் சொல்கிறோம், அவரும் பரிவோடு கேட்டுக்கொள்கிறார், ஆனால் அந்தப் பேச்சு எந்தக் கடிகாரத்தையும் ஓட வைப்பதில்லை. எழுதிக் கொடுத்தால்தான் ஓடும். டெக்சஸில் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான கோரிக்கை கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள் பள்ளி மாவட்டம், அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று, மதிப்பீடு செய்கிறோம் என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அல்லது செய்ய மாட்டோம் என்பதைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை வர வேண்டும் என்பது பொது விதி. அதன்பிறகு 30 நாட்களுக்குள், அங்கே ‘ஏ.ஆர்.டி.’ என்று சொல்லும் கூட்டம் நடந்து தகுதி முடிவாகும். மற்ற மாநிலங்களில் காலக்கெடு மாறும். மாநிலம் தனியாக எதுவும் வைக்காவிட்டால் சம்மதத்திலிருந்து 60 நாள் என்பது மத்தியச் சட்டத்தின் கணக்கு.

மின்னஞ்சலை மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கு அனுப்புங்கள், பிரின்சிபாலுக்கு ஒரு நகல். நீளமாக எழுத வேண்டாம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், ஐ.டி.இ.ஏ. என்கிற மத்தியச் சிறப்புக் கல்விச் சட்டப்படி முழுமையான தனி மதிப்பீடு வேண்டும், சம்மதப் படிவத்தை அனுப்புங்கள் என்றால் போதும். பிறகு நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்களே, ஹவுஸ், ஹார்ஸ் என்று, அதை அப்படியே சேர்த்துவிடுங்கள். ‘வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான்’ என்ற பொதுவான வாக்கியத்தைவிட அந்த ஒரு உதாரணம் மதிப்பீடு செய்பவருக்கு அதிகம் சொல்லும்.

தனி வாசிப்புக் குழு நல்லதுதான், தொடரட்டும். ஆனால் அது முடிகிற வரை மதிப்பீட்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குழுவில் கிடைத்த விவரங்கள் மதிப்பீட்டுக்கு உதவும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ‘அதை முடித்துவிட்டு வாருங்கள்’ என்று மறுபடி சொன்னால், அந்த மறுப்பை எழுத்தில் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

டெக்சஸுக்கு இதில் ஒரு கசப்பான வரலாறே உண்டு. 2004இலிருந்து மாநிலக் கல்வித் துறை, மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கக் கூடாது என்கிற மாதிரி ஓர் இலக்கை வைத்து மாவட்டங்களைக் கண்காணித்தது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, 2017இல் சட்டமன்றம் அப்படி வரம்பு வைப்பதையே தடை செய்தது, 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறையும் மாநிலம் சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது. அந்த வருடங்களில் எத்தனை பிள்ளைகள் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்ற ஒற்றை வார்த்தையிலேயே பள்ளியை முடித்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால்தான் பொறுக்க வேண்டாம் என்கிறேன்.

தகுதி உண்டா என்று கேட்டீர்கள். கற்றல் குறைபாடு என்று சட்டம் சொல்வது எட்டு இடங்களில் ஒன்றிலாவது தெரிய வேண்டும்: பேசிச் சொல்வது, கேட்டுப் புரிந்துகொள்வது, எழுத்து, அடிப்படை வாசிப்பு, தடையில்லாத வாசிப்பு, வாசித்துப் புரிந்துகொள்வது, கணக்குப் போடுவது, கணக்கைச் சிந்தித்துத் தீர்ப்பது. முன்பெல்லாம் ஐக்யூவுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால்தான் தகுதி என்றார்கள், அந்த இடைவெளி விழுவதற்குள் பிள்ளை நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும். ஐ.டி.இ.ஏ. சட்டத்தின் 2004 திருத்தத்துக்குப் பிறகு அந்த இடைவெளியைக் கட்டாயமாகக் கேட்க எந்த மாநிலத்துக்கும் உரிமை இல்லை. டெக்சஸில் இன்னொன்றும் கூடியிருக்கிறது. 2023இல் வந்த சட்டத்தின்படி டிஸ்லெக்சியா (சொற்களை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) சந்தேகம் வந்தாலே சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ்தான் மதிப்பீடு செய்ய வேண்டும், தனிப் பாதை என்று சுற்றிவிட முடியாது. பார்க்காமல் நான் உங்கள் மகனுக்கு டிஸ்லெக்சியா என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பீடு கேட்க நீங்கள் சொன்னதே போதுமான காரணம்.

மகள் ஏழாம் வகுப்பு. திக்கித் திக்கிப் பேசுகிறாள். பாடத்தில் எல்லாம் ‘ஏ’ வாங்குகிறாள். அதனாலேயே ‘படிப்பு பாதிக்கப்படவில்லை, தகுதி இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். நல்லா படிக்கிறதுதான் குற்றமா?
– ஒரு அப்பா, நியூஜெர்சி

குற்றமே இல்லை, அந்தக் காரணமும் நிற்காது. பேச்சு அல்லது மொழிக் குறைபாடு என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் திக்கிப் பேசுவது முதல் உதாரணமாகவே இருக்கிறது. அது ‘கல்விச் செயல்பாட்டைப் பாதிக்க வேண்டும்’ என்பது நிபந்தனை. இந்தக் ‘கல்விச் செயல்பாடு’ என்பதை மார்க் என்று சுருக்கிவிடுகிறார்கள். மத்தியக் கல்வித் துறை 2007இல் எழுதிய விளக்கக் கடிதம் ஒன்றில், பேச்சுக் குறைபாட்டின் பாதிப்பைப் பாட மதிப்பெண்ணை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பிள்ளை எந்தப் பாடத்திலும் தோற்காமல் வருடா வருடம் மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாலும், தேவை இருந்தால் சிறப்புக் கல்வி கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

உங்கள் மகளின் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். திக்கும் பிள்ளைகள், அதுவும் புத்திசாலியான பெண் பிள்ளைகள், ஒன்று செய்வார்கள். டீச்சர் கேள்வி கேட்பார், பதில் தெரியும், ஆனால் அந்தப் பதில் தனக்குத் திக்குகிற எழுத்தில் தொடங்குகிறது, உடனே ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சொல்லை மாற்றுவார்கள். தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்துக்கே போக மாட்டார்கள். குழு வேலையில் எழுதும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மேடையில் பேசும் பொறுப்பை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இப்படி ஒளித்து வாழும் பிள்ளையைத் தனி அறையில் உட்கார வைத்து எத்தனை தடவை திக்கினாள் என்று எண்ணினால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அவள் அவ்வளவு உழைத்து மறைக்கிறாள்! அந்த உழைப்பும் பாதிப்புதான். கேட்பது, பேசுவது, முன்னால் நின்று விளக்குவது எல்லாம் பள்ளியின் பாடத்திட்டத்திலேயே இருக்கும் திறன்கள் என்பதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் மகளே ஒரு பக்கம் எழுதட்டும், எங்கெங்கே பேசாமல் தவிர்க்கிறாள் என்று.

அவர்கள் செய்த மதிப்பீட்டோடு உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால், வெளியாள் ஒருவர் மாவட்டத்தின் செலவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். மாவட்டம் இழுத்தடிக்காமல் ஒன்று அந்தச் செலவை ஏற்க வேண்டும், இல்லை தன் மதிப்பீடு சரிதான் என்று நிரூபிக்க விசாரணை கேட்க வேண்டும். சும்மா ‘முடியாது’ என்று விட முடியாது. அதுவும் ஒத்துவராவிட்டால், 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம், தனியாகப் பேசிக்காட்ட வாய்ப்பு மாதிரி சலுகைகள் அதன் கீழ் கிடைக்கும். ஆனால் ‘504 தருகிறோம், அதுவே போதும்’ என்று அவர்களாகவே முந்திக்கொண்டு வந்தால், ஸ்பீச் தெரபி அதில் உண்டா என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

பேரனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. பேச்சு குறைவு. வீட்டில் நாங்கள் தமிழில்தான் பேசுவோம். தெரிந்த ஒருவர், ‘இரண்டு மொழி குழப்புகிறது, இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்’ என்று சொல்ல, மருமகள் அன்றிலிருந்து என்னைப் பேரனிடம் பேசவே வேண்டாம் என்கிறாள். எனக்கு இங்கிலீஷ் வராது. நான் பேசாமல் இருந்தால் அவன் பேச்சு வந்துவிடுமா?
– ஒரு பாட்டி, கலிபோர்னியா

வராது அம்மா. தயவுசெய்து பேசுங்கள், உங்கள் மருமகளும் இதைப் படிக்கட்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை, குறைபாடு இருக்கிற பிள்ளைக்கும் இரண்டு மொழி சுமையாவதில்லை. வீட்டு மொழியை நிறுத்தினால் நடப்பது ஒன்றுதான்: பிள்ளையோடு நாள் முழுக்க இருக்கும் ஆள் வாயை மூடிக்கொள்கிறார், அவன் காதில் விழும் பேச்சு குறைகிறது. பேச்சு குறைவாக இருக்கிற பிள்ளைக்கு அதுதான் கெடுதல். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, நிலாவைக் காட்டும்போது நீங்கள் சொல்லும் நீளமான, உயிருள்ள தமிழுக்கு, பழக்கமில்லாத ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசும் ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் ஈடாகாது.

அதே சமயம், ‘இரண்டு மொழி வீடு, அதான் லேட், தானா வரும்’ என்று விட்டுவிடவும் கூடாது. இந்த ஆறுதலும் நம் வீடுகளில் நிறைய சொல்லப்படுகிறது. ஒன்றைக் கவனியுங்கள். பேரன் தமிழில் உங்களிடம் என்ன பேசுகிறான்? பார்க்கில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறானா, ‘பாட்டி, அந்த அண்ணா பந்தைத் தூக்கிப் போட்டான், நான் ஓடிப் போய் எடுத்தேன்’ என்கிற அளவுக்கு? அப்படியானால் மொழித்திறன் இருக்கிறது, இங்கிலீஷ் இன்னும் படியவில்லை, அது குறைபாடு இல்லை. தமிழிலும் ‘பந்து’, ‘தா’, ‘வா’ என்ற அளவில் நிற்கிறான், இரண்டு கட்டளை சேர்த்துச் சொன்னால் விழிக்கிறான் என்றால், இரண்டு மொழியிலும் சிக்கல் தெரிகிறது, மதிப்பீடு வேண்டும். உச்சரிப்பிலும் இப்படித்தான். தமிழ் கேட்டு வளரும் பிள்ளை ‘ஃபிஷ்’ என்பதை ‘பிஷ்’ என்றால் அது நம் மொழியின் சாயல். தமிழ்ச் சொற்களிலேயே ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லும் நாலு வயதுப் பிள்ளை வேறு விஷயம்.

மூன்று வயது ஆகிவிட்டால் பொறுப்பு உங்கள் பகுதிப் பள்ளி மாவட்டத்துடையது. பேரன் இன்னும் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்றாலும் மதிப்பீடு செய்ய வேண்டியது அவர்கள் கடமை, கட்டணமும் இல்லை. (மூன்று வயதுக்குக் கீழே என்றால் கலிபோர்னியாவில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு உதவும் ரீஜனல் சென்டருக்குப் போக வேண்டும்.) எழுதிக் கேட்டால் 15 நாட்களுக்குள் என்னென்ன பரிசோதிப்போம் என்ற திட்டத்தைத் தருவார்கள். அந்தத் திட்டத்தில் ‘மொழி: ஆங்கிலம்’ என்று மட்டும் போட்டிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். பிள்ளையின் சொந்த மொழியில் மதிப்பீடு செய்ய வேண்டும், நடைமுறையில் அறவே முடியாது என்றால்தான் விலக்கு என்பது மத்திய விதி. தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யலாம், வீட்டில் அவன் பேசுவதைப் பதிவு செய்து கொடுக்கலாம், உங்களையே உட்கார வைத்துக் கேட்கலாம். ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளை வைத்து அளவு வகுத்த தேர்வில் அவன் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் காட்டித் ‘தகுதி உண்டு’ என்று சொன்னாலும் தப்பு, ‘இல்லை’ என்று சொன்னாலும் தப்பு. ஆங்கிலம் போதாததுதான் முக்கியக் காரணம் என்றால் அந்தப் பிள்ளையைக் குறைபாடுள்ளவன் என்று தீர்மானிக்கக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது.

மதிப்பீட்டு நாளில் நீங்களும் கூடவே போங்கள். பேரனின் தமிழைப் பற்றி அந்த அறையில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

தனியார் சைக்காலஜிஸ்டிடம் பெரிய தொகை கொடுத்து டிஸ்லெக்சியா என்று ரிப்போர்ட் வாங்கிக் கொடுத்தோம். பள்ளி ‘நாங்களே பார்த்துத்தான் முடிவு செய்வோம்’ என்கிறது. ஏற்றே ஆக வேண்டுமா?
– வாஷிங்டன் மாநிலத்திலிருந்து

பரிசீலித்தே ஆக வேண்டும், அப்படியே ஏற்க வேண்டியதில்லை. டாக்டர் சொல்வது நோயறிதல். பள்ளி பார்ப்பது, அந்தக் குறைபாட்டால் இந்தப் பிள்ளைக்குத் தனிப் போதனை தேவைப்படுகிறதா என்று. இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ வந்தால்தான் தகுதி. ரிப்போர்ட்டைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பி, அதைப் பேசியதாகக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பள்ளியின் அறிக்கையையும் கூட்டத்துக்கு முன்னாலேயே கேட்டு வாங்குங்கள், மேஜையில் உட்கார்ந்த பிறகு முப்பது பக்கத்தை யாராலும் படிக்க முடியாது.

நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். மகனைச் சிறப்புக் கல்வியில் சேர்த்தால் கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா என்று கணவர் பயப்படுகிறார்.
– பெயர் வேண்டாம்

பள்ளியில் கொடுக்கும் சிறப்புக் கல்வி பொதுக் கல்வியின் ஒரு பகுதி, வீட்டுக்கு வரும் உதவித்தொகை இல்லை. ஆவணமே இல்லாத பிள்ளைக்கும் பொதுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, நீங்கள் முறையான விசாவில் இருப்பவர்கள். பள்ளிப் பதிவேடுகளை 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டம் காக்கிறது, பொதுவாகப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்க முடியாது. உங்கள் வழக்கில் குறிப்பாக ஏதாவது சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பயத்தில் பிள்ளையின் ஒரு வருடத்தைத் தள்ளிப் போடாதீர்கள், சின்ன வயதில் போகிற ஒரு வருடம் பெரிய வருடம்.

அடுத்த ஜூனில் கோயம்புத்தூருக்கே திரும்புகிறோம். மகளுக்கு ஒன்பது வயது, பேச்சுக்கும் வாசிப்புக்கும் இங்கே ஐ.இ.பி. (பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது. அங்கே அது செல்லுமா?
– ஒரு தம்பதி, வட கரோலினா

ஐ.இ.பி. சட்டப்படி அங்கே செல்லாது. அதில் இருக்கிற விவரம் மட்டும் உதவும். இந்தியாவில் வழி வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடு அதில் உண்டு. தகுதி என்பது அரசு மருத்துவர்கள் தரும் சான்றிதழை வைத்துத்தான், குறைபாட்டின் அளவு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்பது முக்கியமான எல்லை. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் தருவார்கள், 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்கச் சொன்னது, இப்போதைய விதியை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு ஒன்பது, எனவே போனதும் விண்ணப்பிக்கலாம். யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிந்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

பேச்சு விஷயத்தில்தான் உங்களுக்கு ஏமாற்றம் வரலாம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ என்று எழுதியிருப்பது, குரல்வளை நீக்கம் அல்லது மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பு மாதிரியான காரணங்களால் வரும் நிரந்தரக் குறைபாட்டை. உச்சரிப்புத் தவறு, திக்கல் போன்றவற்றுக்கு அமெரிக்காவில் தகுதி கிடைத்த மாதிரி அங்கே சான்றிதழ் கிடைப்பது கடினம். இதை மாற்ற வேண்டும் என்றே நினைக்கிறேன். பள்ளியில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைக்கு அந்தக் குறை நிரந்தரமா, தற்காலிகமா என்பதா முதல் கேள்வி? இப்போதைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு வெளியில் செலவு செய்ய வேண்டியிருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் காலத்தில் வரும் மொழிச் சிக்கல் ஒன்று கற்றல் குறைபாட்டின் விளக்கத்துக்குள்ளேயே வருகிறது, அதனால் மதிப்பிடும் மருத்துவரிடம் பேச்சையும் வாசிப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சான்றிதழ் இருந்தால் தேர்வில் பலன் உண்டு. சி.பி.எஸ்.இ.யில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு. மாநிலப் பாடத்திட்டத்தின் பொதுத்தேர்விலும் ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், எழுத ஆள், மொழிப்பாட விலக்கு ஆகியவை இருக்கின்றன. அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: சிறப்பு ஆசிரியர் முழுநேரமாக இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை வகுப்பு மகளோடு உட்காருவார்? ‘எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி பார்ப்போம்’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் பள்ளியிடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசியாகச் செய்த முழு மதிப்பீடு (சுருக்கம் போதாது, ஒவ்வொரு துணைத்தேர்வின் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும்), ஐ.இ.பி., முன்னேற்றக் குறிப்புகள், ஸ்பீச் தெரபிஸ்டின் பதிவுகள், மகள் எழுதிய நோட்டிலிருந்து சில பக்கங்கள். பதிவேடுகளைக் காட்டப் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு, ஜூனில் அலுவலகமும் காலியாகிவிடும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.